வாலையின் தலையில் 78 டிகிரி ஏன் நிற்பதில்லை?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்தில், ஆக்லாந்துக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள், வீட்டில் மது வடிக்கிறீர்கள். 30 லிட்டர் கொதிகலன், 2000 வாட் ஹீட்டர், மேலே செம்பில் செய்த தலை, அங்கிருந்து குளிர்விக்கும் குழாய். உள்ளே 20 லிட்டர் சர்க்கரை ஊறல், அதாவது ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்த சர்க்கரைத் தண்ணீர், ஆல்கஹால் சுமார் 10 சதவீதம். "ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும் என்றுதான் எங்கும் எழுதியிருக்கிறது. என் தெர்மாமீட்டர் 78-ல் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. முதல் சொட்டு விழும்போதே 88, கடைசியில் 97. 78-க்குக் கொண்டுவர ஹீட்டரைக் குறைத்தால் சொட்டு நின்றுபோகிறது, கூட்டினால் ஊசி ஆடுகிறது. கோளாறு தெர்மாமீட்டரிலா, வாலையிலா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, 65 டிகிரிக்குள் வருவதைக் கொட்டிவிட்டால் விஷமான மெத்தனால் போய்விடுமா என்றும் ஒரு கேள்வி.

வாலை என்பது வடிக்கும் கருவிக்குத் தமிழில் பழைய சொல். சித்த மருத்துவர்கள் ஓமத் தீநீர் இறக்குவது வாலையில்தான். அதையே நானும் எழுதுகிறேன்.

பதிலுக்குப் போகும் முன் சட்டம். நியூசிலாந்தில் 1996 முதல் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் வடிக்கலாம், விற்கக் கூடாது. உலகத்தில் இப்படி அனுமதிக்கும் நாடுகள் மிகக் குறைவு. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி இது குற்றம். இலங்கை, ஆஸ்திரேலியா, பிரிட்டன் எங்கும் உரிமம் இல்லாமல் செய்ய முடியாது. அங்கெல்லாம் இருப்பவர்கள் இதை அறிவியலாக மட்டும் படியுங்கள்.

சரி, 78-க்கு வருவோம். உங்கள் தெர்மாமீட்டர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. வாலையும் நன்றாகத்தான் இருக்கிறது. எதிர்பார்ப்பில்தான் பிழை.

சோற்றுப் பானையை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் கொதிக்கத் தொடங்கிய பிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் 100 டிகிரியைத் தாண்டாது. ஆவி வேகமாகப் போகும், அவ்வளவுதான். தீயைக் குறைத்தால் 90 டிகிரியில் கொதிக்குமா? கொதிக்காது, அடங்கிவிடும். கொதிக்கும் வெப்பநிலையைத் தீ முடிவு செய்வதில்லை. பானையில் என்ன இருக்கிறது என்பதும் வெளியே காற்றழுத்தம் எவ்வளவு என்பதும்தான் முடிவு செய்கின்றன.

ஊறலிலும் இதேதான். 78.3 டிகிரி என்பது சுத்தமான எத்தனாலின், அதாவது குடிக்கும் ஆல்கஹாலின், கொதிநிலை. உங்கள் பாத்திரத்தில் இருப்பது பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 10 சதவீத ஊறல் 93 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். அப்போது எழும் ஆவியில் ஆல்கஹால் சுமார் 55 சதவீதம் இருக்கும். ஆல்கஹால் போகப் போக, கொதிகலனில் மிச்சமிருப்பதில் தண்ணீரின் பங்கு கூடும், கொதிநிலையும் ஏறும். 95.5 டிகிரி வரும்போது உள்ளே மிச்சம் 6 சதவீதம், வெளியே வருவது 40-ஐ ஒட்டி. 98-ல் வெளியே வருவது 20-ஐ ஒட்டி. அதற்கு மேல் காய்ச்சினால் மின்கட்டணம்தான் ஏறும்.

இவையெல்லாம் கொதிக்கும் ஊறலும் அதன் மேல் நிற்கும் ஆவியும் சமநிலையில் இருக்கும்போது கிடைக்கும் எண்கள். உங்கள் தெர்மாமீட்டர் தொடக்கத்தில் 93 காட்டாமல் 88 காட்டியது இதனால்தான். செம்புத் தலை வெளிக்காற்றில் கொஞ்சம் சூட்டை இழக்கிறது. ஆவியில் ஒரு பகுதி அங்கேயே குளிர்ந்து, தண்ணீர் அதிகமுள்ள துளிகளாகக் கீழே திரும்புகிறது. மிச்சம் மேலே போகும் ஆவியில் ஆல்கஹால் கூடுகிறது, வெப்பநிலை இறங்குகிறது. ஆகவே 88-ல் தொடங்கி 97-ல் முடிவது சாதாரண வாலை இயல்பாக வேலை செய்வதன் அடையாளம். நீங்கள் எழுதி அனுப்பிய வரிசையைப் பார்த்தபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

ஹீட்டரைக் குறைத்தபோது சொட்டு நின்றதும் இதே கதைதான். தலை 78-க்கு இறங்கியது உண்மை. ஆனால் அங்கே ஆவி வந்து சேரவில்லை என்பதால்தான் இறங்கியது. கொதிகலனும் தலையும் காற்றுக்கு இழக்கும் சூட்டை ஈடுகட்டவே அந்த மின்சாரம் போதவில்லை.

இங்கே நிறையப் பேர் விழும் குழி ஒன்று இருக்கிறது. வெப்பநிலையைப் பார்த்துத் தானாக அணைந்து எரியும் கட்டுப்பாட்டுக் கருவியை வாங்கி, உணரியை ஊறலுக்குள் விட்டு, 80 என்று அமைத்துவிடுவார்கள். இண்டக்‌ஷன் அடுப்பில் 80 என்று வைப்பவர்களும் உண்டு. 10 சதவீத ஊறல் 80-ல் கொதிக்கவே கொதிக்காது. இரண்டு மணி நேரம் வெந்நீர் காய்ச்சிக்கொண்டு, ஊறல் சரியாகப் புளிக்கவில்லை என்று ஈஸ்ட்டைக் குறை சொல்வார்கள். உங்களுக்குத் தேவை வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவி அல்ல, ஹீட்டருக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர். 2000 வாட்டைத் தாங்கக்கூடியதாக, உலோகப் பெட்டிக்குள் எர்த் இணைப்போடு, தகுதியுள்ள எலக்ட்ரீஷியன் பொருத்தியதாக இருக்கட்டும். ஒன்று நினைவில் வையுங்கள்: மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் சூடு பாதியாகாது, கால்வாசியாகிவிடும். குமிழைக் கொஞ்சம் திருப்பியதும் கொதி அடங்கிப்போவது இதனால்தான்.

காய்ச்சத் தொடங்கியதும் ஒரு மணி நேரம் எதுவும் நடக்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். 20 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 93-க்குக் கொண்டுபோக 2000 வாட்டில் 50 நிமிடம் ஆகும். காற்றில் போகும் சூட்டையும் சேர்த்தால் ஒரு மணி நேரம் சரிதான். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் ஹீட்டரைப் பாருங்கள். ஈஸ்ட் வண்டல் தெளியாத ஊறலை ஊற்றியிருந்தால் அது ஹீட்டர் மேல் படிந்து கருகியிருக்கும். கருகல் வாசனை வடித்ததில் ஏறிவிட்டால் அப்புறம் எதைச் செய்தும் போகாது. இரண்டு நாள் பொறுத்து, ஊறலைத் தெளியவிட்டு, மேலே இருப்பதை மட்டும் குழாய் வைத்து இறக்குங்கள்.

அடுத்தது தெர்மாமீட்டர். நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னாலும் நீங்களே ஒருமுறை சோதித்துவிடுங்கள், பத்து நிமிட வேலை. நொறுக்கிய ஐஸை ஒரு டம்ளர் நிறையப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்குத் தண்ணீர் விட்டுக் கலக்கி, அதில் நிறுத்தினால் 0 காட்ட வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் 100. கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் ஏறினால் சுமார் 1 டிகிரி குறையும், அந்த உயரத்தில் உள்ள குயீன்ஸ்டவுனில் இருப்பவர்களுக்கு 99 வந்தால் சரி. நான் முதலில் வாங்கிய ஊசி வைத்த தெர்மாமீட்டர் ஐஸில் 0 காட்டிற்று, கொதிநீரில் 96 காட்டிற்று. ஒரு முனையில் சரியாக இருப்பதால் மறுமுனையிலும் சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அதோடு ஆறு மாதம் ஓட்டியிருந்தேன். அந்த ஆறு மாதக் குறிப்பேட்டில் எல்லா எண்ணும் தப்பு.

தெர்மாமீட்டரின் நுனி எங்கே நிற்கிறது என்பது அதைவிட முக்கியம். குளிர்விக்கும் குழாய்க்கு ஆவி திரும்பும் இடம் இருக்கிறதல்லவா, அதன் வாய்க்கு நேரே, ஓட்டத்தின் நடுவில் நிற்க வேண்டும். அதற்கு மேலே தலையின் மூலையில் நின்றால் தேங்கிய ஆவியை அளக்கும், குறைவாகக் காட்டும். செம்புச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் சுவரின் சூட்டைத்தான் காட்டும். ஊசி வகையில் இன்னொரு சிக்கல்: அதன் தண்டில் சூட்டை உணரும் பகுதி நுனி மட்டுமல்ல, கீழே சில சென்டிமீட்டர் நீளம். அது முழுவதும் ஆவிக்குள் இருந்தால்தான் அளவு சரியாக வரும். குட்டையான தண்டை தடிமனான ரப்பர் அடைப்பானில் செருகினால் பாதி அடைப்பானுக்குள்ளேயே நின்றுவிடும். அந்த ரப்பரையும் மாற்றிவிடுங்கள். சூடான ஆல்கஹால் ஆவி ரப்பரிலிருந்தும் பிளாஸ்டிக்கிலிருந்தும் வேண்டாததை இழுத்துக்கொண்டு வரும். இணைப்புகளுக்குப் பிளம்பர்கள் சுற்றும் டெஃப்லான் டேப் போதும். இல்லையென்றால் கோதுமை மாவைத் தண்ணீரில் பிசைந்து பூசுங்கள், பழைய காலத்து வழி, இன்றைக்கும் நன்றாக நிற்கும். பாதரசத் தெர்மாமீட்டரை மட்டும் தயவுசெய்து அருகில் கொண்டுபோகாதீர்கள்.

இனி ஊசி ஆடுவது. இதற்குக் காரணம் ஒன்றல்ல. ஆடும் விதத்தைப் பார்த்துப் பிரித்துவிடலாம்.

ஒரே கால அளவில், கடிகாரம் போல ஏறி இறங்கினால் அடுப்புதான். சமையலறை மின்னடுப்பும் இண்டக்‌ஷனும் குறைந்த அளவில் வைத்தால் தொடர்ந்து எரியாமல் அணைந்து அணைந்து எரியும். சோற்றுக்கு அது பாதகமில்லை, வாலைக்கு ஆகாது. ஒவ்வொரு முறை அணையும்போதும் ஆவி உள்வாங்கும், தலை குளிரும், பிறகு எல்லாம் முதலிலிருந்து. ரெகுலேட்டர் போட்டால் நின்றுவிடும்.

ஒழுங்கில்லாமல், திடீர் திடீரென்று துள்ளினால் கொதியைப் பாருங்கள். அடியில் சூடு தேங்கி ஒரேயடியாகப் பொங்கி எழும் கொதி அது. உடைந்த பீங்கான் துண்டுகளைக் கழுவி நாலைந்து போட்டால் குமிழிகள் சிறிதாக, சீராக எழும். சூடான ஊறலில் போடாதீர்கள், பொங்கி மேலே வந்துவிடும். ஆறியிருக்கும்போதே போட்டுவிட வேண்டும். துள்ளலோடு வடிவது கலங்கலாகவும் பழுப்பாகவும் வந்தால் நுரை தலைவரை ஏறிவிட்டது என்று அர்த்தம். உடனே சூட்டைக் குறைக்க வேண்டும். அடுத்த தடவை கொதிகலனில் மேலே மூன்றில் ஒரு பங்கு காலியாக விடுங்கள். 30 லிட்டருக்கு 20 என்று நீங்கள் ஊற்றியது சரியான அளவு, ஆகவே உங்களுக்கு நுரைப் பிரச்சினை இருந்தால் ஈஸ்ட் வண்டலைத்தான் சந்தேகிப்பேன்.

மெதுவாக, காரணம் தெரியாமல் இறங்கி ஏறினால் காற்று. இதை நான் குளிர்காலத்தில் கண்டுபிடித்தேன். கராஜ் கதவைத் திறந்து வைத்துக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். தெற்கிலிருந்து குளிர்காற்று அடிக்கும்போதெல்லாம் தலை 3 டிகிரி இறங்கும், சொட்டு மெலியும், காற்று நின்றதும் தானாகச் சரியாகும். கதவைச் சாத்திவிடலாமே என்று தோன்றும். சாத்தக் கூடாது. ஆல்கஹால் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். காற்றில் சுமார் 3.3 சதவீதம் கலந்தாலே ஒரு தீப்பொறி போதும். கதவு திறந்தே இருக்கட்டும், வாலைக்குத்தான் கம்பளி போர்த்த வேண்டும். தலையையும் கழுத்தையும் எரியாத காப்புப் பொருளால், குழாய்களுக்குச் சுற்றும் கண்ணாடி இழைப் பட்டையால் சுற்றினேன். ஊசி அன்றோடு அடங்கிவிட்டது. சாதாரண வாலையில் இப்படிச் சுற்றினால் இயற்கையாகத் திரும்பும் துளிகள் குறைந்து, தொடக்க வெப்பநிலை 88-லிருந்து 90-க்கு மேல் போகும். பயப்பட வேண்டாம்.

நான்காவது, குளிர்விக்கும் தண்ணீர். வீட்டில் யாராவது ஷவரைத் திறந்தால் குழாயில் அழுத்தம் குறையும். சாதாரண வாலையில் இது தலையின் வெப்பநிலையைத் தொடாது, வடிந்து விழுவதன் வெப்பநிலையைத்தான் தொடும். ஆனால் அதுதான் ஆபத்தான இடம். வெளியே விழும் திரவம் கையில் வெதுவெதுப்பாகப் பட்டால் ஆவி முழுவதும் குளிரவில்லை, மிச்சம் அறைக்குள் வருகிறது. கணக்கு எளிது: நிமிடத்துக்கு 1 லிட்டர் தண்ணீர் உள்ளே போய், 30 டிகிரி சூடேறி வெளியே வந்தால் அது 2000 வாட்டுக்கு மேலேயே சுமந்துகொண்டு போகிறது. ஒரு அளவுக் குவளையும் கடிகாரமும் வைத்து உங்கள் குழாயில் எவ்வளவு ஓடுகிறது என்று பாருங்கள். அரை லிட்டர்தான் ஓடுகிறது, போகும் தண்ணீரே கைபொறுக்காத சூட்டில் வருகிறது என்றால் உங்கள் ஹீட்டருக்கு அது போதாது. தண்ணீரைக் கூட்ட முடியாவிட்டால் சூட்டைக் குறையுங்கள்.

வாலையின் வாய் எப்போதும் திறந்திருக்க வேண்டும். வடியும் முனையைப் பாட்டிலுக்குள் இறுக்கமாகச் செருகுவது, குழாயின் நுனியைத் திரவத்துக்குள் அமிழ்த்துவது, இரண்டும் கூடாது. அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும், வெப்பநிலையும் கூடவே ஏறும். எந்தக் காரணமும் இல்லாமல் தலையும் கொதிகலனும் சேர்ந்து ஏறிக்கொண்டே போய், சொட்டும் குறைந்தால், அடைப்பு என்று நினைத்து மின்சாரத்தை நிறுத்துங்கள், பிறகு யோசிக்கலாம். கேஸ் அடுப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். எத்தனால் எரியும் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது.

அப்படியென்றால் 78 டிகிரி பொய்யா? இல்லை, அது வேறொரு வாலைக்குச் சொந்தமான எண்.

உயரமான கம்பம் வைத்து, உள்ளே செம்புக் கம்பிச் சுருளோ பீங்கான் வளையங்களோ நிரப்பி, உச்சியில் ஆவியைக் குளிர்வித்து ஒரு பகுதியைத் திரும்பக் கீழே விடும் வகை இருக்கிறது. ரிஃப்ளக்ஸ் வாலை என்பார்கள். அதில் ஏறும் ஆவியும் இறங்கும் திரவமும் வழியெல்லாம் உரசிக்கொண்டே போகும். ஒவ்வொரு உரசலிலும் தண்ணீர் கீழே தங்கும், ஆல்கஹால் மேலே போகும். ஒரே காய்ச்சலில் பல முறை வடித்த மாதிரி. அதன் உச்சியில் 78.2 டிகிரி நிற்கும், மணிக்கணக்கில் நிற்கும். எடையில் 95.6 சதவீதம் எத்தனால் உள்ள கலவை கொதிக்கும் வெப்பநிலை அது. சாதாரண வடிப்பால் அதைத் தாண்டிச் சுத்தமாக்க முடியாது, அந்த விகிதத்தில் ஆவியும் திரவமும் ஒன்றாகிவிடும். நீங்கள் படித்த 78 எல்லாம் இந்த வகை வாலை வைத்திருப்பவர்கள் எழுதியது. அந்த எண்ணை உங்கள் வாலையில் தேடினீர்கள்.

ஒருநாள் நீங்களும் கம்பம் வாங்குவீர்கள் என்று நினைக்கிறேன், ஆகவே அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கம்பத்தில்கூட 78.2 என்ற எண்ணையே வழிபடக் கூடாது. கன அளவில் 92 சதவீதம் உள்ள ஆவிக்கும் 96 சதவீதம் உள்ள ஆவிக்கும் இடையே வெப்பநிலை வித்தியாசம் அரை டிகிரிதான். காற்றழுத்தம் 38 ஹெக்டோபாஸ்கல் மாறினால் எத்தனாலின் கொதிநிலை 1 டிகிரி மாறும். மழை நாளுக்கும் தெளிந்த நாளுக்கும் 20 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் சர்வ சாதாரணம், அதுவே அரை டிகிரி. அதாவது வானிலை மாற்றமே உங்கள் 92-ஐ 96 போலவும், 96-ஐ 92 போலவும் காட்டிவிடும். இன்றைக்கு உச்சியில் எவ்வளவு நிற்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து எவ்வளவு நகர்கிறது என்பதை மட்டும் பாருங்கள். எதையும் வெளியே எடுக்காமல் அரை மணி நேரம் எல்லாவற்றையும் திரும்ப விட்டுக்கொண்டே இருந்தால் கம்பம் நிலைபெறும், ஊசி ஓர் இடத்தில் உட்காரும். அதுவே அன்றைய அளவுகோல். வடிக்கும்போது அதிலிருந்து 0.2 டிகிரி ஏறினால் எடுக்கும் வேகத்தைக் குறைக்க வேண்டும். கம்பத்துக்குள் களகளவென்று சத்தம் வந்து, ஊசி ஏறி இறங்கி, திரவம் குபுக்கென்று வந்தால் சூடு அதிகம். இறங்க வேண்டிய திரவத்தை ஏறும் ஆவி தடுத்து நிறுத்தியிருக்கிறது. மின்சாரத்தைக் குறைத்து வடியவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

இங்கே கடைகளில் விற்கும் ரிஃப்ளக்ஸ் வாலைகளில் ஒரு வகைக்குத் தெர்மாமீட்டர் ஆவியில் இருக்காது, குளிர்விக்கும் தண்ணீர் வெளியேறும் குழாயில் இருக்கும். அதில் 55 டிகிரியை ஒட்டி வைக்கச் சொல்வார்கள். அதைப் பார்த்து "என் ஆல்கஹால் 55-ல் கொதிக்கிறது" என்று பதறியவர்களை நான் சந்தித்திருக்கிறேன். எந்த எண்ணைப் பார்த்தாலும், அது எதன் வெப்பநிலை என்று முதலில் கேளுங்கள்.

இப்போது மெத்தனால். இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வராது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். தமிழர்கள் யாரும் வடிப்பதைப் பற்றிப் பேசும்போது அது நினைவுக்கு வரத்தான் செய்யும், வர வேண்டும். ஆனால் அங்கே நடந்தது வடிக்கும்போது வெப்பநிலை தவறியதால் அல்ல. தொழிற்சாலைக்குப் போக வேண்டிய மெத்தனால் சாராயமென்று விற்கப்பட்டது.

உங்கள் ஊறலில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் மட்டும் இருந்தால் மெத்தனால் உருவாக அதில் பொருளே கிட்டத்தட்ட இல்லை. அது பழங்களில் உள்ள பெக்டினிலிருந்து வருவது. ஆப்பிள், பிளம் போன்றவற்றைப் புளிக்கவைத்தால் கொஞ்சம் இருக்கும். 65 டிகிரிக்குள் வருவதைக் கொட்டினால் போதும் என்பது தவறு. மெத்தனாலின் கொதிநிலை 64.7 என்பது சரிதான், ஆனால் தண்ணீரோடும் எத்தனாலோடும் கலந்திருக்கும்போது அது தனியாக எழுந்து முதலில் போய்விடாது. தொடக்கத்திலிருந்து கடைசிவரை எல்லாவற்றோடும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும். மேலும் உங்கள் வாலையில் ஆவி வந்து சேரும்போதே 88, அதற்கு முன் ஊசி 65-ஐக் கடந்தது தலை சூடேறிக்கொண்டிருந்தபோது. அப்போது எதுவும் வடியவே இல்லை. ஆகவே எங்கிருந்து வந்ததென்று தெரியாத ஆல்கஹாலை, எரிசாராயத்தை, யாரோ கொடுத்த கேனை வாலையில் ஊற்றி "சுத்தம் செய்யலாம்" என்று ஒருபோதும் நினைக்காதீர்கள். வெப்பநிலை பார்த்து மெத்தனாலைப் பிரித்து எடுக்க வீட்டு வாலையால் முடியாது.

முதலில் வருவதைக் கொட்டுவது வேறு காரணத்துக்காக, அதைக் கட்டாயம் செய்யுங்கள். அசிட்டால்டிஹைடும் எத்தில் அசிட்டேட்டும் முன்னால் அதிகமாக வரும். முன்னது பச்சை ஆப்பிள் மணக்கும், பின்னது நகப்பூச்சு அழிக்கும் திரவம் போல மூக்கில் ஏறும். 20 லிட்டர் சர்க்கரை ஊறலுக்கு முதல் 150 மில்லியை நான் யோசிக்காமல் கொட்டிவிடுவேன். அடுப்படி துடைக்கக்கூட வைத்துக்கொள்ளலாம், குடிக்க வேண்டாம். அப்புறம் 200 மில்லி, 200 மில்லியாகச் சின்ன ஜாடிகளில் பிடித்து, எண் போட்டு, மெல்லிய துணி மூடி ஒருநாள் வைப்பேன். மறுநாள் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, அதே அளவு தண்ணீர் கலந்து முகர்ந்து பார்த்தால் எங்கே நகப்பூச்சு வாசனை நிற்கிறது, எங்கே நனைந்த அட்டைப்பெட்டி வாசனை தொடங்குகிறது என்று உங்கள் மூக்கே சொல்லும். அந்த அட்டை வாசனை கடைசிப் பகுதியில் வரும் கனமான ஆல்கஹால்களுடையது. ஐசோஅமைல் ஆல்கஹால் தனியாக 131 டிகிரியில்தான் கொதிக்கும், ஆனாலும் தண்ணீர் ஆவியோடு சேர்ந்து 95-லேயே வந்துவிடும். இத்தனை டிகிரியில் வெட்டு, இத்தனை டிகிரியில் நிறுத்து என்ற பட்டியல்களை நான் நம்பாததற்கு இதுவே காரணம். எந்த ஜாடியை மாற்றும் நேரம் நெருங்குகிறது என்று எச்சரிக்கத் தெர்மாமீட்டர் உதவும். 94-ஐத் தாண்டியதும் ஜாடியைச் சீக்கிரம் சீக்கிரம் மாற்றத் தொடங்குவேன், முடிவு மூக்குடையது.

வடித்ததை அளக்கும்போதும் வெப்பநிலை ஏமாற்றும். ஆல்கஹால் மானி 20 டிகிரிக்கென்று அளவு குறிக்கப்பட்டது. 30 டிகிரியில் இருக்கும் திரவத்தில் மிதக்கவிட்டால், உண்மையில் 40 சதவீதம் இருப்பதை 43, 44 என்று காட்டும். நீங்கள் 60 வந்தது என்று எழுதியிருந்தது நேராகக் குழாயிலிருந்து பிடித்து அளந்ததாக இருந்தால், உண்மை அதைவிடக் குறைவு. ஆறவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

அடுத்த வார இறுதியில் செய்வதற்கு ஒரு யோசனை. ஊறலை ஊற்றும் முன் 10 லிட்டர் வெறும் தண்ணீரை வாலையில் விட்டுக் காய்ச்சுங்கள். இணைப்புகளில் எங்கே ஆவி கசிகிறது என்று தெரிந்துவிடும். தலையில் 100 நிலையாக நின்றால் தெர்மாமீட்டரும் அது நிற்கும் இடமும் சரி. 97 நின்றால் அந்த 3 டிகிரியை மனதில் வைத்துக்கொண்டு எல்லா எண்ணையும் படியுங்கள். ரெகுலேட்டரின் எந்த இடத்தில் சொட்டு நிற்கிறது, எந்த இடத்தில் மெல்லிய தாரையாகிறது என்று குறித்து வையுங்கள். பிறகு ஊறலை வேகமாக ஒருமுறை வடித்து, வந்ததையெல்லாம் சேர்த்து, தண்ணீர் விட்டு 30 சதவீதத்துக்குக் கொண்டுவந்து மெதுவாக இரண்டாவது முறை வடியுங்கள். கொதிகலனில் 40 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம், தீ பிடித்தால் கையில் அடங்காது. அந்த இரண்டாவது வடிப்பில் ஊசி எண்பதுகளின் தொடக்கத்திலேயே நின்று, மெதுவாகத்தான் ஏறும், வருவதும் 75 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அப்போதும் 78 வராது. வந்தால் எனக்கு எழுதுங்கள், தெர்மாமீட்டரை மறுபடி ஐஸில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.